வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்டு இன் த காசில்

வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்டு இன் த காசில் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் எழுதிய ஆங்கிலப் புதினம் ஆகும். 1962 ஆம் ஆண்டு வைக்கிங் பதிப்பகம் இதனை வெளியிட்டது. ஜாக்சன் எழுதி முடித்த ஆறு புதினங்களுள் இதுவே இறுதியானது. நஞ்சூட்டப்பட்டு மடிந்த ஒரு செல்வக் குடும்பத்தில் எஞ்சிய மூவர், தம்மை வெறுக்கும் ஊரிலிருந்து ஒதுங்கி ஒரு பெரிய வீட்டில் வாழ்வதை இப்புதினம் கூறுகிறது. அளவில் சிறியது, ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம். படித்து முடித்த பின் மனத்தை விட்டு அகலாத நூல்களுள் ஒன்றாக இது மதிக்கப்படுகிறது.

இதனைப் பொதுவாகக் கோதிக் புனைவு வகையில் சேர்ப்பர். எனினும் பேய், ஆவி போன்ற இயற்கை கடந்த எதுவும் இக்கதையில் இல்லை. சமையலறை, தோட்டம், தேநீர் விருந்து, துப்புரவுப் பணி என்று அன்றாட இல்லற நிகழ்வுகளே நூல் முழுவதும் நிரம்பியுள்ளன. அச்சம் இவற்றின் நடுவிலிருந்தே எழுகிறது.

எச்சரிக்கை: இக்கட்டுரையில் கதையின் முடிவும் கொலையாளியின் அடையாளமும் வெளிப்படுத்தப்படுகின்றன.

தலைப்பு

தலைப்பைத் தமிழில் "நாங்கள் எப்போதும் கோட்டையிலேயே வாழ்ந்து வந்திருக்கிறோம்" என்று பெயர்க்கலாம். இங்கு ஒரு மொழிச் சிக்கல் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழிலோ கேட்பவரை உள்ளடக்க "நாம்" என்றும், விலக்க "நாங்கள்" என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. மொழிபெயர்ப்பவர் ஏதேனும் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். கதைசொல்லி உலகத்தையே வெளியே நிறுத்திக் கதவைத் தாழிடுபவள் ஆதலால் "நாங்கள்" என்பதே பொருத்தம். ஆனால் நூலைப் படிக்கப் படிக்க, அவளுடன் வேலிக்கு உட்புறம் நிற்பதாகவே வாசகர் உணரத் தொடங்குகிறார். "நாங்கள்" மெல்ல "நாம்" ஆகிவிடுகிறது. இப்புதினத்தைப் பற்றிய விவாதங்கள் பலவும் இந்த இடமாற்றத்தைச் சுற்றியே அமைகின்றன.

"கோட்டை" என்பதும் நேர்ப்பொருளில் வரவில்லை. கதையின் பெரும்பகுதியில் அது ஒரு பெரிய வீடு மட்டுமே. இறுதியில் தீயினால் கூரை அழிந்து, சுவர்கள் வானம் நோக்கித் திறந்து நிற்கும்போதே கோட்டை போன்ற தோற்றத்தைப் பெறுகிறது.

கதைச் சுருக்கம்

மேரி கேத்தரின் பிளாக்வுட் பதினெட்டு வயதுப் பெண். வீட்டார் இவளை மெரிகேட் என்று அழைப்பர். அக்காள் கான்ஸ்டன்சுக்கு வயது இருபத்தெட்டு. இவர்களுடன் சக்கர நாற்காலியில் வாழும் சிற்றப்பா ஜூலியனும் ஜோனாஸ் என்னும் பூனையும் உள்ளனர். கதை நடப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இரவு உணவின்போது சர்க்கரைக் கிண்ணத்தில் ஆர்செனிக் கலக்கப்பட்டிருந்தது. அச்சர்க்கரையைப் பிளாக்பெர்ரிப் பழங்களின் மேல் தூவி உண்ட தந்தை ஜான் பிளாக்வுட், தாய், பத்து வயதுத் தம்பி தாமஸ், ஜூலியனின் மனைவி டோரதி ஆகிய நால்வரும் இறந்தனர். சிறிதளவே சர்க்கரை சேர்த்துக்கொண்ட ஜூலியன் உயிர் பிழைத்தார். உடல் நலமும் நினைவுத் தெளிவும் கெட்டன. அன்று சமைத்தவள் கான்ஸ்டன்ஸ். அவள் பழங்களை உண்ணவில்லை. பன்னிரண்டு வயது மெரிகேட், ஏதோ குற்றத்திற்காக உணவின்றி அறைக்கு அனுப்பப்பட்டிருந்தாள். கான்ஸ்டன்ஸ் கைதாகி, வழக்கு விசாரணைக்குப் பின் விடுதலை செய்யப்பட்டாள். அதன் பின் தன் தோட்டத்தைத் தாண்டி அவள் சென்றதே இல்லை.

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மெரிகேட் மட்டும் ஊருக்குள் சென்று மளிகைப் பொருள்களும் நூலகப் புத்தகங்களும் வாங்கி வருகிறாள். ஊரார் அவளைக் கண்டு சிரிக்கின்றனர். சிறுவர்கள் நஞ்சூட்டலைப் பற்றிய எள்ளல் பாட்டைப் பாடுகின்றனர். அவ்வழியைக் கடக்க அவள் மனத்துக்குள் ஓர் ஆட்டம் ஆடுகிறாள். நம் பரமபதத்தைப் போல ஒவ்வோர் இடமும் ஒரு கட்டம்; எதிரில் ஆள் வந்தால் ஓர் ஆட்டம் இழப்பு; வீட்டு வாயில் வெற்றி.

இந்த ஒழுங்கு நிறைந்த வாழ்வைக் குலைப்பவன் சார்லஸ். பெரியப்பா மகன் முறை கொண்டாடி வரும் இவன், இறந்த தந்தையின் அறையில் தங்கி, அவருடைய நாற்காலியில் அமர்ந்து, இரும்புப் பெட்டியில் உள்ள பணத்தைப் பற்றியே கேட்கிறான். கான்ஸ்டன்ஸ் அவன் பேச்சில் மயங்கி, இதுவரை ஒதுங்கி வாழ்ந்தது தவறோ என எண்ணத் தொடங்குகிறாள். மெரிகேட் அவனைத் துரத்தத் தனக்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் செய்து பார்க்கிறாள். ஒரு நாள் எரிந்துகொண்டிருக்கும் அவனுடைய புகைக்குழாயைக் குப்பைக் கூடைக்குள் தள்ளிவிடுகிறாள். உள்ளே பழைய செய்தித்தாள்கள் இருந்தன. வீடு தீப்பற்றுகிறது.

தீயணைக்க வந்த ஊரார், தீயை அணைத்த பிறகு வீட்டைச் சூறையாடுகின்றனர். ஜூலியன் அந்த அமளியில் இறந்துபோகிறார். காட்டுக்குள் ஒளிந்து இரவைக் கழித்த சகோதரிகள், மறுநாள் எரிந்த வீட்டுக்குத் திரும்பி, எஞ்சிய சமையலறையைத் துடைத்துச் சுத்தம் செய்து, சன்னல்களைப் பலகையால் அடைத்து, வெளியுலகின் கண்ணுக்குத் தெரியாமல் வாழத் தொடங்குகின்றனர். வருந்திய ஊரார் இரவில் வாசற்படியில் உணவை வைத்துவிட்டுச் செல்கின்றனர். சில கூடைகளில், நாற்காலியை உடைத்ததற்கு மன்னிப்பு என்பது போன்ற சீட்டுகளும் இருக்கின்றன. சார்லஸ் ஒருமுறை மீண்டும் வந்து கதவருகே கெஞ்சுகிறான், கதவு திறக்கவில்லை. அவன் போனபின் கான்ஸ்டன்ஸ் வாய்விட்டுச் சிரிக்கிறாள். கொடிகள் வீட்டை மூடுகின்றன. தாம் மிக மகிழ்ச்சியாக இருப்பதாக மெரிகேட் கூறுகிறாள்.

கதைசொல்லி

முதல் பத்தியிலேயே மெரிகேட் தன் பெயர், வயது, விருப்பு வெறுப்புகள் ஆகியவற்றை ஒரு பள்ளி மாணவி போல வரிசைப்படுத்துகிறாள். அவளுக்குப் பிடித்தவற்றுள் ரிச்சர்ட் பிளாண்டாஜெனட் என்னும் இடைக்கால ஆங்கிலேய இளவரசரின் பெயரும், அமானிட்டா ஃபலாய்டிஸ் என்னும் காளானின் பெயரும் உள்ளன. அது உலகின் மிகக் கொடிய நச்சுக் காளான்களுள் ஒன்று. அதனை உண்டவருக்கு முதல் சில மணி நேரம் எதுவும் தோன்றாது. பின்னர் கல்லீரல் அழியும். தன் குடும்பத்தினர் மற்ற அனைவரும் இறந்துவிட்டனர் என்ற செய்தியையும் அதே தொனியில், அதே பத்தியின் இறுதியில் அவள் சொல்லி முடிக்கிறாள்.

கொலையாளி யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. தொடர்ந்து வரும் பக்கங்களிலும் குறிப்புகள் ஏராளம். கத்தியைத் தொடுதல், உணவு தயாரித்தல் முதலியன மெரிகேட்டுக்கு அனுமதிக்கப்படவில்லை என்று அவளே போகிற போக்கில் சொல்கிறாள். கடைக்குள் நிற்கும்போது, அங்குள்ளோர் அனைவரும் வலியால் துடித்துத் தரையில் இறந்து கிடப்பதாகவும், தான் அவர்களைத் தாண்டிச் சென்று வேண்டிய பொருள்களை எடுத்துக்கொள்வதாகவும் கற்பனை செய்கிறாள். கொலை நடந்த இரவைப் பற்றிக் கேட்க ஆவலுடன் வந்த ஒரு விருந்தினப் பெண்ணிடம், சர்க்கரை வேண்டுமா என்று பணிவுடன் கேட்கிறாள்.

இருந்தும் முதல்முறை படிப்போரில் பலர் அவளைக் கொலையாளி என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினாலும் அவ்வெண்ணத்தை ஒதுக்கிவிடுகின்றனர். இதற்குக் காரணம் ஜாக்சன் செய்திகளை மறைத்ததன்று. நாம் மெரிகேட்டை முதலில் சந்திப்பது ஊராரின் கேலியின் நடுவே. தலைகுனிந்து, கூடையை இறுகப் பற்றிக்கொண்டு செல்லும் ஒரு தனிப் பெண்ணாகவே அவள் அறிமுகமாகிறாள். பரிவு முதலில் பிறந்துவிடுகிறது. அறிவு பின்னால் வந்து சேரும்போது அதற்கு இடமில்லை. ஏமாற்றும் நோக்கமுள்ள கதைசொல்லிகள் பலரை இலக்கியத்தில் காணலாம். மெரிகேட் அவ்வகையினள் அல்லள். அவள் பொய் சொல்வதே இல்லை எனலாம். எதைச் சொல்வது முக்கியம் என்பதில்தான் அவளது அளவுகோல் மற்றவருடையதிலிருந்து வேறுபடுகிறது.

அவளுடைய மந்திரங்களும் இத்தகையனவே. வெள்ளி நாணயங்களைப் புதைத்தல், மூன்று பாதுகாப்புச் சொற்களைத் தெரிந்தெடுத்து அவற்றை யாரும் உரக்கச் சொல்லாத வரை தீங்கு வராது என நம்புதல், தந்தையின் குறிப்பேட்டை மரத்தில் ஆணியடித்து வைத்தல் முதலியவை ஒரு சிறுமியின் விளையாட்டுப் போலத் தோன்றும். அந்தக் குறிப்பேடு யார் யார் தமக்குக் கடன்பட்டவர், யார் நன்றிக்கடன்பட்டவர் என்று தந்தை எழுதி வைத்திருந்தது. அது மரத்திலிருந்து விழுந்த பின்னரே சார்லஸ் வருகிறான். அதே மாதிரியான கணக்கைப் போடத் தெரிந்தவனும் அவனே. இது தற்செயலா, காரணமா என்று நூல் தீர்ப்புச் சொல்லவில்லை.

கழுவப்பட்ட கிண்ணம்

கொலையாளி யார் என்னும் வினாவைவிட ஆழமான வினா ஒன்று இப்புதினத்தில் உண்டு. கான்ஸ்டன்சுக்கு எப்போது தெரியும்?

நால்வரும் வலியால் துடித்துக்கொண்டிருக்கையில், காவலர் வருவதற்கு முன்பாக, அவள் சர்க்கரைக் கிண்ணத்தைக் கழுவிவிடுகிறாள். உள்ளே ஒரு சிலந்தி கிடந்தது என்று காரணம் கூறுகிறாள். இறந்தவர்கள் சாகத் தகுதியானவர்களே என்று காவலரிடமும் சொல்கிறாள். எலிகளைக் கொல்லவே ஆர்செனிக் வாங்கப்பட்டது என்கிறாள். (வெண்ணிற ஆர்செனிக் சேர்மத்தைச் சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாடாணம் என்கின்றன. நிறத்தில் சர்க்கரையை ஒத்தது, சுவையால் காட்டிக்கொடுக்காதது. பழைய காலக் குடும்பக் கொலைகளில் இது அடிக்கடி இடம்பெற்றதற்கு அதுவே காரணம்.) இச்செய்திகளைக் கேட்போர், கான்ஸ்டன்ஸ் குற்றவாளி, சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிவிட்டாள் என்று கருதுவர். ஊரார் கருதுவதும் அதுவே.

தீக்குப் பிறகுதான் உண்மை வெளிவருகிறது. ஊரார் உணவில் எல்லாம் நஞ்சு கலந்து அவர்கள் சாவதைப் பார்ப்பேன் என்று மெரிகேட் கூற, முன்பு செய்ததைப் போலவா என்று கான்ஸ்டன்ஸ் கேட்கிறாள். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர்களிடையே பேசப்படாத செய்தி அது. ஆம் என்கிறாள் மெரிகேட். பின்னர் வரும் ஒரு குறுகிய உரையாடலில், கான்ஸ்டன்ஸ் ஒருபோதும் சர்க்கரை சேர்த்துக்கொள்வதில்லை என்பதாலேயே சர்க்கரையில் நஞ்சு கலந்ததாக மெரிகேட் விளக்குகிறாள். தனக்கு அப்போதே தெரியும் என்கிறாள் கான்ஸ்டன்ஸ். அத்துடன் பேச்சு முடிகிறது.

இச்சிறு உரையாடல் முன்பு நாம் படித்த அனைத்தையும் புரட்டிப்போடுகிறது. கிண்ணத்தைக் கழுவியது தங்கையைக் காக்க. விசாரணைக் கூண்டில் நின்றதும் தங்கையைக் காக்க. ஆறு ஆண்டுகளாக வீட்டைவிட்டு வெளியேறாமல், கத்தியைத் தொடவிடாமல், நாள்தோறும் சமைத்து ஊட்டி அவளைப் பார்த்துக்கொண்டதும் அவ்வாறே. கான்ஸ்டன்ஸ் தங்கையின் காவலாளியும் கைதியும் ஆவாள். இதை அன்பு என்பதா, அச்சம் என்பதா? இரண்டாம் முறை படிக்கும்போது அவளுடைய ஒவ்வொரு கனிந்த சொல்லும் இரு பொருள்படுகிறது. சார்லஸ் வந்தபோது அவள் காட்டிய தயக்கமும் புதுப்பொருள் பெறுகிறது. அவன் பேராசைக்காரன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவள் வெளியுலகுக்குச் செல்ல இருந்த ஒரே வாயில் அவன்தான். அந்த வாயிலைத்தான் மெரிகேட் எரித்தாள். இதனை மறந்துவிட்டு இறுதிப் பக்கங்களின் மகிழ்ச்சியை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வாசிப்பு முழுமையானதாகாது.

மெரிகேட் ஏன் கொன்றாள் என்பதை நூல் நேரடியாகக் கூறவில்லை. அடர்ந்த செடிகொடிகளுக்குள் மறைந்த கோடை மண்டபத்தில் அவள் தனியே அமர்ந்திருக்கும் ஒரு காட்சி உண்டு. இறந்துபோன குடும்பத்தினர் மேசையைச் சுற்றி அமர்ந்து, மெரிகேட்டை ஒருபோதும் தண்டிக்கக் கூடாது, அவளுக்கே முதலில் உணவு தர வேண்டும் என்று மாறி மாறிப் பேசுவதாக அவள் கற்பனை செய்கிறாள். உணவின்றி அறைக்கு அனுப்பப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுமியின் குரல் இங்குதான் கேட்கிறது. அவ்வீட்டில் வேறு கொடுமைகள் நடந்தனவா என்பது பற்றித் திறனாய்வாளர்கள் பலவாறு ஊகித்துள்ளனர். நூலில் உள்ளது இவ்வளவே.

ஜூலியன்

ஜூலியன் அந்தக் கடைசி நாளைப் பற்றி ஒரு வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார். யார் எப்போது எழுந்தார், காலை உணவு என்ன, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று நுணுக்கமாகக் குறித்து வைக்கிறார். சில நாட்களில் ஐயம் தோன்றி, அது உண்மையிலேயே நடந்ததா என்று கான்ஸ்டன்சிடம் கேட்பார். நடந்தது என்று அவள் உறுதி கூறுவாள்.

ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவர் மெரிகேட்டிடம் பேசுவதே இல்லை. மேரி கேத்தரின், அக்காளின் வழக்கு நடந்த காலத்தில் அனாதை இல்லத்தில் கவனிப்பாரின்றி இறந்துவிட்டதாக அவர் நம்புகிறார். அச்செய்தியைச் சார்லசிடம் அவர் அமைதியாகக் கூறும் இடத்தில், இதுவரை எல்லாவற்றையும் மெரிகேட்டின் கண்வழியே பார்த்துவந்த வாசகர் ஒரு கணம் திடுக்கிடுவார். எல்லாச் சான்றுகளையும் திரட்டும் வரலாற்றாசிரியர் கொலையாளியை மட்டும் காணமாட்டாதவராக இருப்பது இந்நூலின் கசப்பான நகைச்சுவைகளுள் ஒன்று.

உணவும் நிலவறையும்

புதினம் முழுவதும் உணவு பேசப்படுகிறது. கான்ஸ்டன்ஸ் தேர்ந்த சமையற்காரி. நிலவறையில் பல தலைமுறைப் பிளாக்வுட் பெண்கள் பாகிலிட்டும் ஊறவைத்தும் பதப்படுத்திய காய்கனிகள் கண்ணாடிப் புட்டிகளில் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்க்கும், பழையதைத் தொடுவதில்லை. மிகப் பழைய புட்டிகளை உண்டால் சாவு நிச்சயம் என்கிறாள் கான்ஸ்டன்ஸ். ஒரு குடும்பத்தின் மரபுச் செல்வம் அழகான நிறங்களோடு அடுக்கப்பட்டிருக்கும் நஞ்சாகவும் இருப்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல இயலாது. அதே நிலவறைதான் தீக்குப் பின் இருவருக்கும் உணவளிக்கிறது.

இறுதியில் ஊரார் வாசலில் வைக்கும் உணவும் இவ்வரிசையில் சேர்கிறது. முன்பு நஞ்சூட்டியவர்கள் என்று அஞ்சியவர்களுக்கு அவர்களே படையல் வைப்பது போல் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிறு தெய்வங்களுக்கு அஞ்சிப் படைக்கும் வழக்கத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இக்காட்சி புரிவதில் தடை இராது. வீட்டருகே வந்து விளையாடும் சிறுவர்களைப் பெற்றோர் அவ்விரு பெண்களின் பெயரைச் சொல்லி அச்சுறுத்துவதையும், அதைக் கேட்டு மெரிகேட் உள்ளிருந்து மகிழ்வதையும் ஜாக்சன் எழுதுகிறார்.

ஊரார்

ஊராரின் வெறுப்பு கொலைக்குப் பின் தோன்றியதன்று. பிளாக்வுட் குடும்பம் தன் நிலத்தின் வழியே நெடுஞ்சாலைக்குச் சென்ற குறுக்குப் பாதையை வேலியிட்டு அடைத்தது. தன் வீட்டருகே பொதுமக்கள் நடப்பது தாய்க்குப் பிடிக்கவில்லை. செல்வமும் செருக்கும் ஒரு பக்கம்; ஏழ்மையும் பொறாமையும் மறு பக்கம். இதனால் ஊராரை வெறும் தீயவர்கள் என்று ஒதுக்குவதும், சகோதரிகளை வெறும் பாதிக்கப்பட்டவர்கள் என்று கொள்வதும் இயலாமல் போகிறது.

நூலின் உச்சக் காட்சி இதில் அடங்கியுள்ளது. தீயணைப்புப் படைத் தலைவன் ஜிம் டொனெல் தன் கடமையைக் குறைவின்றிச் செய்து தீயை அணைக்கிறான். பின் தலைவருக்குரிய தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கல்லை எடுத்துச் சன்னலை நோக்கி எறிகிறான். தொப்பியைக் கழற்றும் அந்த ஒரு செயலில், பொறுப்புள்ள மனிதன் கும்பலில் ஒருவனாக மாறும் கணம் தெளிவாகக் காட்டப்படுகிறது. மற்றவர்கள் பின்தொடர்கின்றனர். இரவு ஜூலியன் இறந்த செய்தி வந்ததும் கூட்டம் கலைகிறது.

1948 ஜூன் 26 அன்று நியூ யார்க்கர் இதழில் வெளியாகிப் பெரும் சலசலப்பை உண்டாக்கிய "த லாட்டரி" என்னும் ஜாக்சனின் சிறுகதையிலும் ஊர் மக்கள் ஒன்றுகூடிக் கல்லெறிகின்றனர். இரண்டையும் சேர்த்துப் படிப்பது பயனுடையது. சிறுகதையில் கல்லடிபடுபவள் குற்றமற்றவள். புதினத்தில் கல் விழும் வீட்டில் ஒரு கொலையாளி உண்மையாகவே இருக்கிறாள். ஊரார் குற்றவாளியாகக் கருதுவது அவளை அன்று, அவள் அக்காளை. பதினான்கு ஆண்டுகளில் ஜாக்சன் தன் பழைய வினாவைக் கடினமாக்கிக்கொண்டார் என்றே சொல்லவேண்டும்.

பின்னணி

ஷெர்லி ஜாக்சன் 1916 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். கணவர் ஸ்டான்லி எட்கர் ஹைமன் இலக்கியத் திறனாய்வாளர். பெனிங்டன் கல்லூரியில் கற்பித்தார். இதனால் குடும்பம் வெர்மான்ட் மாநிலத்தின் வடக்குப் பெனிங்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தது. கணவர் யூதர், இருவரும் எழுத்தாளர்கள், வெளியூரார். ஊருடன் அவர்களுக்கு இருந்த உறவு இணக்கமானதாக இல்லை. அந்த ஊரின் சாயல் இப்புதினத்தின் பெயரில்லாத ஊரில் உள்ளதென்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கருதுகின்றனர். சூனியம் பற்றி ஜாக்சன் நிறையப் படித்திருந்தார். 1692 ஆம் ஆண்டின் சேலம் சூனிய விசாரணைகள் குறித்துச் சிறுவர்களுக்காக 1956 இல் ஒரு நூலும் எழுதினார். அதே காலத்தில் தன் நான்கு பிள்ளைகளை வளர்ப்பது பற்றி நகைச்சுவையான இல்லறக் குறிப்புகளையும் எழுதிப் புகழ் பெற்றிருந்தார். சமையலறையின் இரு முகங்களையும் அறிந்த ஒருவரே மெரிகேட்டின் வீட்டை எழுதியிருக்க முடியும்.

இந்நூல் வெளிவந்த காலத்தில் ஜாக்சன் கடுமையான மனப்பதற்றத்திற்கு உள்ளாகி, பல மாதங்கள் வீட்டைவிட்டு வெளியேற இயலாதவராக இருந்தார். மருத்துவ உதவியால் ஓரளவு மீண்டு அடுத்த புதினத்தைத் தொடங்கினார். அது முற்றுப்பெறும் முன்பே 1965 ஆகத்து 8 அன்று தம் 48 ஆம் வயதில் உறக்கத்தில் காலமானார். வாழ்வையும் நூலையும் நேர்கோட்டில் இணைத்துவிடுவது எளிது. ஆனால் அச்சத்தால் அடைபட்டவள் கான்ஸ்டன்ஸ் மட்டுமே. மெரிகேட்டுக்கு வீடு அடைபட்ட இடமே அன்று, வென்றெடுத்த நாடு.

ஒப்பீடுகள்

வில்லியம் ஃபாக்னரின் "எ ரோஸ் ஃபார் எமிலி" (1930) சிறுகதையிலும் எலிக்கென்று வாங்கிய ஆர்செனிக்கும் மூடிய வீடும் உற்றுப்பார்க்கும் ஊரும் உள்ளன. அங்கு கதையைச் சொல்வது ஊர். இங்கு வீட்டின் உள்ளிருந்து ஒரு குரல். உண்மை நிகழ்வுகளுள் லிசி போர்டன் வழக்கு பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. 1892 இல் மாசச்சூசெட்சின் ஃபால் ரிவர் நகரில் தந்தையும் மாற்றாந்தாயும் கோடரியால் கொல்லப்பட்ட வழக்கில் லிசி 1893 இல் விடுதலையானார். ஆயினும் அதே நகரில் 1927 இல் இறக்கும் வரை ஐயத்தின் நிழலிலேயே வாழ்ந்தார். அவரைப் பற்றியும் சிறுவர் பாட்டு ஒன்று உண்டு.

வரவேற்பு

டைம் இதழ் 1962 ஆம் ஆண்டின் சிறந்த பத்துப் புதினங்களுள் ஒன்றாக இதனைத் தெரிவு செய்தது. ஜாக்சனின் மறைவுக்குப் பின் நெடுங்காலம் அவர் "த லாட்டரி" எழுதியவராகவும் பேய்க்கதை ஆசிரியராகவும் மட்டுமே அறியப்பட்டார். 1980களில் பெண்ணியத் திறனாய்வாளர்கள் இப்புதினத்தைப் புதிதாக அணுகினர். 1984 இல் லினெட் கார்பென்டர் எழுதிய கட்டுரை, ஆணதிகாரம் நீங்கிய வீட்டில் பெண்கள் தம் ஆற்றலை நிலைநாட்டுவதாக இதனைப் படித்தது. இவ்வாசிப்பு வலுவானது, தந்தையின் நாற்காலியில் சார்லஸ் அமரும் காட்சியை இதைக்கொண்டு நன்கு விளக்கலாம். எனினும் இறந்தவர்களுள் தாயும் டோரதியும் பத்து வயதுச் சிறுவனும் உண்டு என்பதற்கு அவ்வாசிப்பில் போதிய விடை கிடைப்பதில்லை.

2006 இல் ஜோனதன் லெத்தெம் முன்னுரையுடன் பெங்குவின் செவ்வியல் வரிசையிலும், 2010 இல் ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் தொகுத்த அமெரிக்க நூலகப் பதிப்பிலும் இப்புதினம் இடம்பெற்றது. 2016 இல் ரூத் ஃபிராங்ளின் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின் ஜாக்சன் மேலும் பரவலாகப் படிக்கப்படுகிறார்.

தழுவல்கள்

ஹியூ வீலர் எழுதிய நாடக வடிவம் 1966 இல் பிராட்வேயில் அரங்கேறிச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2010 இல் யேல் அரங்கில் இசை நாடகமாகவும் நிகழ்த்தப்பட்டது. ஸ்டேசி பேசன் இயக்கிய திரைப்படம் 2018 இல் லாஸ் ஏஞ்சலஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2019 இல் பொதுவில் வெளியானது. டைசா ஃபார்மிகா மெரிகேட்டாகவும் அலெக்சாண்ட்ரா டடாரியோ கான்ஸ்டன்சாகவும் நடித்தனர். ஜூலியனாகக் கிறிஸ்பின் குளோவரும் சார்லசாகச் செபாஸ்டியன் ஸ்டானும் தோன்றினர். நூல் பேசாமல் விட்ட தந்தையின் கொடுமையைப் படம் சற்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. மெரிகேட்டின் செயலுக்கு இவ்வாறு ஒரு காரணம் கிடைத்துவிடுவதால் பார்வையாளருக்கு அவளை மன்னிப்பது எளிதாகிறது. நூலைப் படித்தவர்களுக்கு அந்த வசதி தரப்படவில்லை.